ரோமப் பேரரசு நாணயம் யாருடையது? எடையில் தொடங்கிப் பெயர் வரை

ரோமப் பேரரசின் பழைய நாணயம் ஒன்று கைக்கு வந்தவுடன் பெரும்பாலோர் அதிலுள்ள முகத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். பிறகு இணையத்தில் கிடைக்கும் பேரரசர் சிலைகளின் படங்களோடு அந்த மூக்கையும் தாடையையும் ஒப்பிட்டு யாரோ ஒருவரின் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். எலகாபலஸ் என்ற இளவயதுப் பேரரசரின் வெள்ளி நாணயம் ஒன்றைக் கரகல்லா என்ற வேறொரு பேரரசருடையது என்று உறைமேல் எழுதி ஓராண்டுக்கு மேல் வைத்திருந்தேன். கி.மு. 27இல் அகஸ்டஸ் ஆட்சிக்கு வந்ததிலிருந்து மேற்குப் பேரரசு கி.பி. 476இல் முடியும்வரை, பேரரசர்கள், அவர்களை எதிர்த்துப் பட்டம் கட்டிக்கொண்டவர்கள், மனைவியர், தாய்மார், இளவரசுகள் என நூற்றுக்கு மேற்பட்டோர் நாணயங்களில் இடம்பெற்றார்கள். முதல் இரண்டு நூற்றாண்டுகளில் முகம் ஓரளவு ஆளைக் காட்டுகிறது; 4ஆம் நூற்றாண்டுக்கு வந்துவிட்டால் அப்பாவும் மகனும் மருமகனும் ஒரே அச்சில் வார்த்த பொம்மைகளாகத் தெரிகிறார்கள். ஆகவே முகத்தைக் கடைசியில் பார்ப்பதே முறை. உலோகம், எடை, தலையணி, எழுத்து, பின்புறம் என்ற வரிசையில் போனால் ஒவ்வொரு படியும் தேடவேண்டிய ஆட்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே வரும்.

தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. நாணயம் அழுக்காக இருந்தால் புளி போட்டுத் தேய்க்கத் தோன்றும். குத்துவிளக்கு துலக்கிப் பழகிய கைக்கு அது இயல்பு. ஆனால் செம்பு, பித்தளை நாணயங்களில் பல நூற்றாண்டுகளாகப் படிந்த பச்சை அல்லது கரும்பழுப்புப் படலத்தில்தான் பல நேரங்களில் எழுத்தின் விளிம்பே தங்கியிருக்கிறது. அடியிலிருக்கும் உலோகம் எப்போதோ அரித்துப் போயிருக்கும். புளியோ எலுமிச்சையோ அந்தப் படலத்தைக் கரைத்தால் எழுத்தும் அதோடு போய்விடும். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் சில நாள்கள் ஊறவைத்து, நீரை அவ்வப்போது மாற்றி, பல் குத்தும் மரக்குச்சியால் மெல்ல நீக்கினால் போதும். தொட்டால் மாவாக உதிரும் வெளிர்பச்சைப் புள்ளிகள் தெரிந்தால் அது வெறும் களிம்பு அன்று, உலோகத்தைத் தின்றுகொண்டே போகும் குளோரைடு அரிப்பு. அந்த நாணயத்தை மற்றவற்றோடு சேர்க்காமல் ஈரமில்லாத இடத்தில் தனியே வைக்கவேண்டும்.

கருவிகள் அதிகம் வேண்டியதில்லை. 0.01 கிராம் வரை காட்டும் சிறிய மின்தராசு, விட்டம் அளக்க ஒரு வெர்னியர் காலிப்பர், நகைக்கடைக்காரர் பயன்படுத்தும் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப், ஒரு டார்ச் ஆகியவை போதும். டார்ச்சின் பயன் பலருக்குத் தெரிவதில்லை. அறையை இருட்டாக்கி, நாணயத்தின் மட்டத்துக்கு ஏறக்குறையப் படுக்கையாக ஒளியைப் பாய்ச்சி, நாணயத்தை மெதுவாகச் சுழற்றினால், நேர் வெளிச்சத்தில் வழவழவென்று தெரிந்த பரப்பிலிருந்து எழுத்துகள் நிழலாக எழும்பி வரும்.

உலோகமும் எடையும்

தங்கம் என்றால் வேலை எளிது. முற்காலத்துப் பொற்காசான ஆரியஸ், அகஸ்டஸ் காலத்தில் 8 கிராமுக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. ஒரு சவரன் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். கி.பி. 64இல் நீரோ அதன் எடையைக் குறைத்து, ஒரு ரோமானியப் பவுண்டுப் பொன்னில் 45 காசு அடிக்கச் செய்ததால் அது 7.3 கிராம் அளவுக்கு இறங்கியது. 3ஆம் நூற்றாண்டுக் குழப்பங்களில் பொற்காசின் எடை தாறுமாறாகிப் போக, கான்ஸ்டன்டைன் ஏறத்தாழ 310இல் ஒரு பவுண்டுக்கு 72 என்ற கணக்கில் சாலிடஸ் என்ற புதிய காசைக் கொண்டுவந்தார். அது 4.5 கிராம், அதாவது அரைச் சவரனுக்குச் சற்று மேல். தராசு 4.4 முதல் 4.5 என்று காட்டினால், எழுத்தைப் படிக்கும் முன்பே அகஸ்டஸிலிருந்து டயோக்ளீஷியன் வரையுள்ள முந்நூறு ஆண்டுகளைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடலாம்.

வெள்ளியில் அடிப்படைக் காசு டெனாரியஸ். 25 டெனாரியஸ் ஓர் ஆரியஸுக்குச் சமம். அகஸ்டஸ் காலத்தில் 3.9 கிராமும், நீரோவின் குறைப்புக்குப் பின் 3.4 கிராமும் அதன் அளவு எடை. விட்டம் 18, 19 மி.மீ., அதாவது அண்மைக்கால ஐம்பது பைசாவின் அகலம். எடையைவிட வெள்ளியின் தூய்மைதான் போகப்போக வேகமாகக் குறைந்தது. கரகல்லா 215இல் இதைவிடப் பெரிய, ஏறத்தாழ 5 கிராம் எடையுள்ள வெள்ளிக் காசொன்றை வெளியிட்டார். இன்று அதற்கு அன்டோனினியானஸ் என்று பெயர். அதில் பேரரசர் தலையில் எப்போதும் கதிர்முடி, அதாவது சூரியக் கதிர்போல் கூர்முனைகள் நீளும் முடி, இருக்கும். பேரரசியாக இருந்தால் அவர் மார்பளவு உருவம் ஒரு பிறைமேல் அமர்ந்திருக்கும். அரை நூற்றாண்டுக்குள் இந்தக் காசு வெறும் செம்பாகி, 270 வாக்கில் நூற்றுக்கு ஐந்து பங்குகூட வெள்ளி இல்லாமல், மேலே ஒரு மெல்லிய வெள்ளிப் பூச்சோடு மட்டும் வந்தது. அந்தப் பூச்சும் உதிர்ந்துவிட்டதால், இன்று கைக்குக் கிடைக்கும் பலவற்றைச் செப்புக்காசு என்றே நினைக்கத் தோன்றும். கதிர்முடியும் 20 மி.மீ. அளவும் 3 கிராம் எடையும் சேர்ந்து வந்தால் 250 முதல் 295 வரையுள்ள காலத்தில் தேடுங்கள். பின்புறம் கீழே எக்ஸ்.எக்ஸ்.ஐ. என்றோ, கிரேக்க முறையில் கே.ஏ. என்றோ இருந்தால் அது அரேலியன் 274இல் செய்த சீர்திருத்தத்துக்குப் பிந்தையது.

செம்பிலும் பித்தளையிலும்தான் புதியவர் அதிகம் தடுமாறுகிறார். முதல் இரண்டரை நூற்றாண்டுகளில் மூன்று காசுகளை நினைவில் கொண்டால் போதும். செஸ்டர்ஷியஸ் பெரியது, பித்தளை, 25 கிராம் வரை, 32 முதல் 35 மி.மீ. நான்கு செஸ்டர்ஷியஸ் ஒரு டெனாரியஸ். செஸ்டர்ஷியஸில் பாதி மதிப்புள்ள டுபாண்டியஸ், அதிலும் பாதி மதிப்புள்ள ஆஸ் ஆகிய இரண்டும் ஏறக்குறைய இன்றைய பத்து ரூபாய் நாணயத்தின் அகலத்தில், 10 முதல் 13 கிராம் எடையில் இருப்பதால் ஒன்றுக்கொன்று குழப்பும். டுபாண்டியஸ் மஞ்சள் பித்தளை, ஆஸ் சிவந்த செம்பு என்பதுதான் அன்றைய ரோமானியருக்கு அடையாளம். நமக்கு இரண்டும் பச்சையாகத்தான் கிடைக்கின்றன. விளிம்பில் எங்காவது பழைய கீறல் இருந்தால் அடிநிறம் தெரியும். அதற்காகப் புதிதாகக் கீறிப் பார்க்கக் கூடாது. நீரோ காலத்தில் தொடங்கிப் பிறகு நிலைபெற்ற வழக்கப்படி, கதிர்முடி அணிந்த தலை டுபாண்டியஸ், இலைமாலை அணிந்தது ஆஸ் என்று பிரிக்கலாம். இந்த மூன்றிலும் பின்புறத்தில் எஸ்., சி. என்ற இரண்டு பெரிய எழுத்துகள் இருப்பது வழக்கம். செனட்டின் ஆணைப்படி என்று பொருள். தேய்ந்து மொழுமொழுவென்றான காசில்கூட இந்த இரண்டு எழுத்தும் பெரும்பாலும் தப்பிப் பிழைத்திருக்கும், அதுவே காலத்தை 3ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

டயோக்ளீஷியன் ஏறத்தாழ 294இல் பழைய காசுமுறையைக் கலைத்து, 10 கிராம் எடையும் 27 மி.மீ. விட்டமும் உள்ள நும்மஸைக் கொண்டுவந்தார். ரோம மக்களின் காவல் தெய்வம் கையில் கனிகள் நிறைந்த வளக்கொம்போடு நிற்கும் பின்புறம்தான் அதில் மிகப் பரவலானது. நாற்பது ஆண்டுகளுக்குள் அதே காசு 16 மி.மீ. அகலமும் 1.6 கிராம் எடையுமாகச் சுருங்கியது. 4ஆம் நூற்றாண்டுச் செப்புக்காசுகளின் பழைய பெயர்கள் உறுதியாகத் தெரியாததால் சேகரிப்போர் அவற்றை அளவைக் கொண்டே பிரிக்கிறார்கள்: 25 மி.மீ.க்கு மேல் ஏ.இ.1, 21க்கு மேல் ஏ.இ.2, 17க்கு மேல் ஏ.இ.3, அதற்குக் கீழே ஏ.இ.4. உலகில் அதிகமாகக் கிடைக்கும் ரோமானியக் காசுகள் இந்தக் கடைசி இரண்டு வகையில்தான் உள்ளன. ஆகவே உங்கள் கையிலிருப்பதும் அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

தலையும் தாடியும்

தலையில் இலைமாலையா, கதிர்முடியா, முத்தும் மணியும் பதித்த பட்டமா என்று பாருங்கள். பட்டம் என்பது நெற்றியைச் சுற்றிக் கட்டிப் பின்னால் முடிச்சு தொங்கும் நாடா. கான்ஸ்டன்டைன் 324க்குப் பிறகுதான் அதை அணியத் தொடங்கினார். அதனால் பட்டம் தெரிந்தால் காலம் ஏறக்குறைய அதற்குப் பின்னால்தான். தாடியும் உதவும். அகஸ்டஸிலிருந்து டிராஜன் வரை முழுத்தாடி வைத்த பேரரசர் கிடையாது; 117இல் ஆட்சிக்கு வந்த ஹாட்ரியன்தான் அந்த வழக்கத்தை மாற்றினார். அடர்ந்த சுருள்தாடி என்றால் 2ஆம் நூற்றாண்டு, ஒட்ட வெட்டிய படைவீரன் தாடி என்றால் பெரும்பாலும் 3ஆம் நூற்றாண்டு. கான்ஸ்டன்டைனிலிருந்து மறுபடி மழித்த முகம். அந்த வரிசையில் நடுவே நீண்ட தாடியோடு வருபவர் 360க்குப் பின் ஆண்ட ஜூலியன்.

எழுத்தைப் படிப்பது

எழுத்து பெரும்பாலும் தலையின் இடப்பக்கம் கீழே தொடங்கிக் கடிகாரமுள் போகும் திசையில் சுற்றிவரும். அகஸ்டஸ் காலத்துச் சிலவற்றில் எதிர்த்திசையிலும் போகும். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. யூ என்ற எழுத்தும் ஜே என்ற எழுத்தும் இல்லை. அவற்றின் இடத்தில் வி, ஐ வரும். அகஸ்டஸ் என்ற பட்டம் ஏ.வி.ஜி. என்று சுருங்கியிருப்பது இதனால்தான். இந்த மூன்று எழுத்துதான் முதலில் தேடவேண்டிய நங்கூரம். ஆணின் பெயர் ஏ.வி.ஜி. என்று முடிந்தால் அவர் ஆளும் பேரரசர். என்.ஓ.பி.சி. என்று முடிந்தால் இன்னும் பட்டத்துக்கு வராத இளவரசர். டி.ஐ.வி.வி.எஸ். என்று தொடங்கினால் இறந்து தெய்வமாக்கப்பட்டவர். அந்தக் காசை அடித்தவர் வேறொருவர்.

பெயரைச் சுற்றி நிற்கும் மற்ற எழுத்துகள் பட்டங்கள். ஐ.எம்.பி. என்பது படைத்தலைமையைக் குறிக்கும் இம்பெராட்டார். பி.எம். என்றால் தலைமைப் பூசாரி. டி.ஆர்.பி. என்றால் மக்கள் சார்பாளரின் அதிகாரம். இது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டதால் அதன் பின்னே வரும் ரோமன் எண் ஆட்சியாண்டைக் காட்டும். சி.ஓ.எஸ். என்றால் கான்சல் என்ற உயர்பதவி எத்தனையாவது முறை என்பது. பி.பி. என்றால் நாட்டின் தந்தை. டி.என். என்று தொடங்கினால், அதாவது நம் ஆண்டவர் என்று அழைத்தால், நீங்கள் 4ஆம் நூற்றாண்டுக்கோ அதற்கும் பின்னோ வந்துவிட்டீர்கள்.

என்னிடமுள்ள டெனாரியஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எடை 3.2 கிராம், தாடியில்லாத, நெற்றிமேல் முடி தாழ்ந்து விழும் தலை, இலைமாலை. முன்புறத்தில் ஐ.எம்.பி. டிரயானோ ஏ.வி.ஜி. ஜி.இ.ஆர். டி.ஏ.சி. பி.எம். டி.ஆர்.பி. என்று இருக்கிறது. பெயர் டிரயானஸ் என்று முடியாமல் ஓ என்று ஏன் முடிகிறது என்று நான் முதலில் குழம்பினேன். அது நம் நான்காம் வேற்றுமைக்கு இணையான இலத்தீன் வடிவம். நம் மொழியில் கு உருபு செய்யும் வேலையை அங்கே அந்த ஓ செய்கிறது. பின்புறத்தில் சி.ஓ.எஸ். வி. பி.பி. எஸ்.பி.க்யூ.ஆர். ஆப்டிமோ பிரின்க் என்று தொடர்கிறது. இரண்டு புறத்தையும் சேர்த்தால்தான் வாக்கியம் முடிகிறது: மிகச் சிறந்த தலைவனான டிராஜனுக்கு, செனட்டும் ரோம மக்களும். இனி ஆண்டு. ஜெர்மனியை வென்றவன் என்ற ஜி.இ.ஆர். பட்டம் 97இல் கிடைத்தது. டேசியாவை, அதாவது இன்றைய ருமேனியாப் பகுதியை, வென்றவன் என்ற டி.ஏ.சி. 102இல் கிடைத்தது; ஐந்தாம் முறை கான்சல் ஆனது 103இல், ஆறாம் முறை 112இல். எனவே இந்தக் காசு 103க்கும் 111க்கும் இடையில் அடிக்கப்பட்டது. முகத்தைப் பார்த்து டிராஜன் என்று சொல்லியிருக்கலாம்தான். இந்த ஒன்பது ஆண்டு வரம்பை முகம் தந்திருக்காது.

ஒரே பெயரைப் பலர் சூடிக்கொண்டதுதான் பெரிய தொல்லை. அன்டோனினஸ் என்ற பெயர் அன்டோனினஸ் பயஸ், மார்க்கஸ் அரேலியஸ், கமோடஸ், கரகல்லா, எலகாபலஸ் ஆகிய ஐவரின் காசுகளிலும் வருகிறது. கரகல்லா, எலகாபலஸ் என்பவை வெறும் பட்டப்பெயர்கள். பேரரசரின் பெயராக அவை எந்தக் காசிலும் இல்லை. நான் ஏமாந்த இடம் இதுதான். கரகல்லாவின் பிற்காலக் காசுகளில் 213இலிருந்து ஜி.இ.ஆர்.எம். என்ற பட்டம் சேர்ந்துவிடும். முகமும் முறைத்த, முதிர்ந்த முகம். எலகாபலஸ் காசு பெரும்பாலும் ஐ.எம்.பி. என்று தொடங்கும், பின்புற வெளியில் பல நேரங்களில் ஒரு சிறு நட்சத்திரம் இருக்கும். அந்த நட்சத்திரத்தை நான் ஓராண்டாக ஒரு கறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கான்ஸ்டன்டைன் குடும்பத்தில் சிக்கல் இன்னும் நுணுக்கமானது. கான்ஸ்டன்டினஸ், கான்ஸ்டான்டியஸ், கான்ஸ்டன்ஸ் ஆகிய மூன்று பெயருக்கும் இலத்தீன் எழுத்தில் முதல் ஏழு எழுத்து ஒன்றே. எட்டாவது எழுத்து எஸ் என்றால் கான்ஸ்டன்ஸ். டி என்றால் மற்ற இருவரில் ஒருவர். ஒன்பதாவதும் அவர்களுக்குப் பொது. பத்தாவது எழுத்து என் என்றால் கான்ஸ்டன்டினஸ், வி என்றால் கான்ஸ்டான்டியஸ். கான்ஸ்டன்டினஸ் என்றாலும் தந்தையா மகனா என்ற கேள்வி எஞ்சும்: மேக்ஸ் ஏ.வி.ஜி. என்று வந்தால் தந்தை, ஐ.வி.என். என்.ஓ.பி.சி. என்று வந்தால் மகன். லூப்பைப் பிடித்து எழுத்தை விரல்விட்டு எண்ணுவது சிறுபிள்ளை வேலையாகத் தோன்றும். ஆனால் வல்லுநர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

பின்புறம்: கையைப் பாருங்கள்

பின்புறத்தில் நிற்பதோ அமர்ந்திருப்பதோ பெரும்பாலும் நீண்ட ஆடை அணிந்த ஒரு பெண். முகத்தாலோ ஆடையாலோ அவளை அடையாளம் காண முடியாது. கையில் இருக்கும் பொருள்தான் பெயர். தராசும் வளக்கொம்பும் என்றால் ஏக்விட்டாஸ் என்னும் நேர்மை, அல்லது நாணயச்சாலைத் தெய்வமான மொனேட்டா. சுக்கானும் வளக்கொம்பும் என்றால் நல்லூழ். பாம்புக்கு ஊட்டுபவள் உடல்நலம் காக்கும் சாலுஸ். ஒரு கையில் மலரும் மறுகையில் தூக்கிப் பிடித்த பாவாடை ஓரமும் என்றால் நம்பிக்கை. ஆலிவ் கிளை அமைதிக்கு, கூம்புத் தொப்பி விடுதலைக்கு, தானியக் கதிர் விளைச்சலுக்கு. ஆண்களில் இடியேந்தியவர் ஜூபிட்டர். தலையில் கதிரோடு வலக்கையை உயர்த்தி நிற்பவர் சூரியனான சோல். சொல்லில் பாதி அழிந்தாலும் கையிலிருக்கும் பொருள் மீதியைத் தந்துவிடும்.

4ஆம் நூற்றாண்டில் பின்புற வகைகள் குறைந்துவிடுவதால் அவற்றையே நாட்காட்டியாகப் பயன்படுத்தலாம். இரண்டு படைவீரர்களுக்கு நடுவே இரண்டு கொடிக்கம்பம் நின்றால் 330 முதல் 335 வரை. ஒரே கம்பம் என்றால் 335 முதல் 341 வரை. வீழ்ந்த குதிரைவீரனை ஒருவன் ஈட்டியால் குத்தும் காட்சி 348க்குப் பின் வந்தது. இரட்டைக் குழந்தைகளுக்குப் பாலூட்டும் ஓநாயின் மறுபுறத்தில் தலைக்கவசம் அணிந்த ஓர் உருவம் இருக்கும். அது எந்தப் பேரரசரும் அன்று, ரோம் நகரமே பெண்ணாக உருவெடுத்தது. அந்தக் காசில் பேரரசர் பெயரைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பின்புறத்தின் அடியில் ஒரு கோடு போட்டு, அதன் கீழே சில எழுத்துகள் இருக்கும். அவை அக்கசாலையின், அதாவது காசை அடித்த நாணயச்சாலையின், முத்திரை. 3ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பேரரசெங்கும் பல அக்கசாலைகள் இயங்கியதால், எது எங்கே அடிக்கப்பட்டது என்று கணக்கு வைக்க இது தேவைப்பட்டது. டி.ஆர். என்றால் டிரியர், எஸ்.ஐ.எஸ். என்றால் சிஸ்கியா, ஏ.என். என்றால் அந்தியோக்கியா, ஏ.எல்.இ. என்றால் அலெக்சாந்திரியா, எஸ்.எம்.கே. என்றால் சிசிகஸ். இவற்றோடு ஒட்டிவரும் தனி எழுத்து அக்கசாலைக்குள் எந்தப் பட்டறை என்பதைச் சொல்லும். இங்கே ஒரு பொறி உண்டு: சி.ஓ.என்.எஸ். என்று கண்டதும் எல்லோரும் கான்ஸ்டான்டிநோபிள் என்று எழுதிவிடுகிறார்கள். பிரான்சிலுள்ள ஆர்ல் நகரமும் கான்ஸ்டான்டினா என்று பெயர் மாற்றப்பட்டிருந்தது. அங்கே அடித்த காசில் சி.ஓ.என்.எஸ்.டி. என்று டி சேர்ந்து, பட்டறை எழுத்து முன்னால் வரும். கான்ஸ்டான்டிநோபிளில் பட்டறை எழுத்து பின்னால் வரும்.

இப்போது ஒரு சின்னஞ்சிறு காசில் இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கலாம். 16 மி.மீ., 1.6 கிராம், செம்பு; ஆகவே ஏ.இ.4. பின்புறத்தில் இரு வீரர்கள், ஒரு கம்பம். ஆகவே 335 முதல் 341. முன்புற எழுத்தின் நடுவில் டி, ஐ, வி என்ற மூன்று மட்டும் தெரிகின்றன. அதற்குப் பின் ஓரம் வெட்டுப்பட்டுவிட்டது. ஐ-க்குப் பின் வி வருவதால் கான்ஸ்டான்டியஸ். அவர் இளவரசரா பேரரசரா என்பதைச் சொல்லவேண்டிய கடைசி எழுத்துகள் இல்லை. ஆனால் தலையில் முத்துப் பட்டம் தெரிகிறது. இளவரசர்களுக்குப் பெரும்பாலும் இலைமாலைதான். அவரும் உடன்பிறந்தாரும் பேரரசர்கள் ஆனது 337 செப்டம்பரில். அடியில் எஸ்.எம்.ஏ.என். என்பதும் ஒரு கிரேக்க எழுத்தும் இருப்பதால் அந்தியோக்கியா. இரண்டாம் கான்ஸ்டான்டியஸ், அந்தியோக்கியா, 337 முதல் 341 என்று எழுதிக்கொள்ளலாம். முகத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

இந்த அளவுக்கு வந்துவிட்டால், அமெரிக்க நாணயவியல் கழகம் இலவசமாகத் தந்திருக்கும் பேரரசு நாணயத் தரவுத்தளத்தில் பேரரசர், உலோகம், அக்கசாலை என்று தெரிவுசெய்து தேடினால் சரியான வகையும் அதன் எண்ணும் கிடைத்துவிடும். எதுவும் தெரியாமல் அங்கே போய் நுழைந்தால் ஆயிரக்கணக்கான பதிவுகளுக்குள் தொலைந்துபோக நேரும்.

எழுத்து கிரேக்கமாக இருந்தால் அந்தத் தரவுத்தளத்தில் கிடைக்காது. கிழக்கு மாகாண நகரங்கள் தாமே அடித்துக்கொண்ட காசுகள் அவை. அங்கே இம்பெராட்டார் என்பது ஆட்டோக்ரட்டார் ஆகவும், அகஸ்டஸ் என்பது செபாஸ்டோஸ் ஆகவும் இருக்கும். எகிப்தின் அலெக்சாந்திரியாவில் அடித்த தடித்த காசுகளில் எல் போன்ற ஒரு குறியும் அதையடுத்து ஒரு கிரேக்க எண்ணெழுத்தும் வரும், அது ஆட்சியாண்டு.

தமிழ்நாட்டில் கிடைப்பவை

நம் ஊர்ப்பக்கம் ரோமானிய வெள்ளிக்காசு என்றால் அது பெரும்பாலும் இரண்டே வகைதான். வெள்ளலூரிலும் கொங்குநாட்டின் பிற இடங்களிலும் கிடைத்த புதையல்களில் இவையே மிகுதி. முதலாவது அகஸ்டஸுடையது: பின்புறத்தில் அவருடைய பேரர்களும் வளர்ப்பு மைந்தர்களுமான கயஸும் லூசியஸும் நேர்முகமாக நிற்க, நடுவே இரண்டு கேடயங்களும் ஈட்டிகளும் இருக்கும். இரண்டாவது அவருக்குப் பின் ஆண்ட டைபீரியஸுடையது: பின்புறத்தில் வலப்பக்கம் நோக்கி ஒரு பெண் நாற்காலியில் அமர்ந்து, ஒரு கையில் நீண்ட கோலும் மறுகையில் கிளையும் பிடித்திருப்பாள்; சுற்றிலும் தலைமைப் பூசாரி என்று பொருள்படும் பான்டிஃப் மேக்ஸிம் என்ற சொற்கள். இரண்டும் இன்றைய பிரான்சின் லியோன் நகரிலிருந்த லுக்டுனம் அக்கசாலையில் அடிக்கப்பட்டவை. நீரோவுக்குப் பிந்தைய, வெள்ளி குறைந்த டெனாரியஸ் இங்கே அரிது. எடையும் தூய்மையும் பார்த்து வாங்கத் தெரிந்த வணிகர்கள் இங்கே இருந்தார்கள் என்றுதான் இதை விளங்கிக்கொள்கிறேன்.

1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த ஐந்நூற்றுக்கு மேற்பட்ட பொற்காசுகளில் பெரும்பாலானவற்றின் தலைமேல் உளியால் வெட்டியது போன்ற ஆழமான கீறல் இருக்கிறது. இப்படிப்பட்ட வெட்டு அக்கசாலையின் பிழை அன்று. இங்கே வந்தபின் யாரோ வேண்டுமென்றே செய்தது. அடையாளம் காணும்போது அதைக் குறையாக ஒதுக்காமல் குறிப்பில் எழுதவேண்டும். கழுத்தணிக்காகத் துளையிட்டதும் வளையம் பற்றவைத்ததும் அப்படியே. எழுத்துகள் எழுத்துகளாகவே இல்லாமல் வெறும் கோடுகளாகவும் வட்டங்களாகவும் சுற்றி வந்தால், அது ரோமானியக் காசைப் பார்த்து இந்தியாவிலேயே செய்த பொன் நகலாக இருக்கலாம். மதுரையிலும் கரூரிலும் இலங்கையிலும் ஏராளமாகக் கிடைத்துள்ள சிறு செப்புக்காசுகள் 4, 5ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. இலங்கையில் அவற்றுக்கும் உள்ளூர் நகல்கள் உண்டு.

போலியும் சட்டமும்

பேரரசுக் காலத்தில் ரோமானியர் காசுகளை வார்க்கவில்லை. இரண்டு அச்சுகளுக்கு நடுவே சூடான வில்லையை வைத்துச் சம்மட்டியால் அடித்தார்கள். ஆகவே விளிம்பைச் சுற்றி ஓர் ஒட்டுக்கோடு ஓடினாலோ, பரப்பில் ஊசிமுனை அளவு குமிழிக் குழிகள் தெரிந்தாலோ, எழுத்தின் ஓரம் உருகிய வெண்ணெய்போல் மழுங்கியிருந்தாலோ ஐயப்படுங்கள். காந்தத்தில் ஒட்டினால் கேள்வியே இல்லை. ஒரே இடத்தில் ஒரே கீறலோடு இரண்டு காசுகள் வந்தால் இரண்டும் ஒரு மூலத்திலிருந்து எடுத்த படிகள். ஆனால் வெள்ளித் தோலுக்குக் கீழே செம்பு தெரியும் டெனாரியஸை உடனே குப்பை என்று தள்ள வேண்டாம். அது ரோமானியக் காலத்திலேயே செய்த கள்ளக்காசாக இருக்கலாம், அதையும் சேகரிப்போர் விரும்பித் தேடுகிறார்கள்.

நிலத்திலிருந்து கிடைத்த காசு என்றால், 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கவேண்டும். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட நாணயத்தைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடை விதிக்கிறது.

முடிவை எழுதி வைக்கும்போது, பேரரசர், காசின் வகை, உலோகம், எடை, விட்டம், அக்கசாலை, ஆண்டு, முன்புற எழுத்து, பின்புற எழுத்தும் உருவமும், கிடைத்த இடம் என்ற வரிசையில் எழுதுங்கள். படிக்க முடியாத எழுத்தின் இடத்தில் புள்ளி வையுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். உறைமேல் எழுதுவது பென்சிலாக இருக்கட்டும். என் எலகாபலஸின் உறையில் கரகல்லா என்ற பெயர் பேனா மையால் அடித்துத் திருத்தியபடி இன்னும் இருக்கிறது.